தோளில் வந்த நூல்

சித்ராதேவியின் வலது தோளில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வரவில்லை, நூல் வந்தது. வெள்ளை நூல், முப்பதாம் நம்பர் இருக்கும். ராயபுரத்தில் ஒற்றை அறையில் அக்குபஞ்சர் பார்க்கும் ஆரோக்கியராஜ் அதை இரண்டு விரலால் பிடித்து ஒரு முழம் இழுத்தார். ஒரு முழத்துக்கான வலி அவளைவிட்டுப் போயிற்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள் அவள். அத்தனை வருஷம் பஞ்சுத்தூசியைச் சுவாசித்த உடம்பில் நூல் இருப்பது இருவருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. "மிச்சத்தையும் மெதுவாத்தான் எடுக்கணும் தங்கச்சி. நடுவுல அறுந்தா உள்ள ஓடிரும், பெறவு ஊசிக்கு அம்புடாது" என்று மட்டும் ஆரோக்கியராஜ் சொன்னார். வாராவாரம் போனாள். நூல் இடுப்புவரை தொங்கியபோது, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடியில் துணி போட முடிந்தது.

அந்த வருஷம் கம்பெனி எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தது. பாரம்பரிய வைத்தியத்துக்கும் உண்டு, அக்குபஞ்சருக்கும் உண்டு என்று சாப்பாட்டு நேரத்தில் மைக்கில் சொன்னார்கள். அதை நம்பித்தான் அவள் ஊசிக்கே போனாள். அவள் கொடுத்த பில்லை விசாரிக்க வந்த காப்பீட்டு ஆபீஸ் முகிலன் நல்ல பையன். நூலைத் தொட்டுப் பார்த்து, முறுக்கு சரியாக இருக்கிறது என்றான். பிறகு தயங்கினான்.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்களாக்கா?"

"நாற்காலியில உக்கார வச்சுத்தான் குத்துவாரு."

"அப்ப இன்சூரன்ஸ் வராதுங்க. அட்மிட் ஆகிப் படுத்திருக்கோணுங்க."

"படுத்துரக் கூடாதுன்னுதான தம்பி வைத்தியமே பாக்கேன்?"

"அது சரிதானுங்க" என்று முகிலன் ஒப்புக்கொண்டு கிளம்பினான். நடந்து வருகிறவளைப் படுக்க வைக்க எந்த ஆஸ்பத்திரியும் சம்மதிக்கவில்லை. கைக்காசு போட அவளுக்கு வழியில்லை. ஊசி நின்றது.

நூலைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். பாதி வலி வெளியே இருந்ததால் கை ஓரளவு ஓடியது. மழைக்காலம் முழுக்க அப்படியே ஓட்டினாள். ஷிப்மென்ட் நெருக்கிய ஒரு நாள், குனிந்து துணி எடுக்கையில் நூல் நழுவி வெளியே தொங்கியது. பக்கத்தில் செக்கிங்கில் பொன்னாத்தாள் நின்றிருந்தாள். பிசிர் வெட்டியே பழகிய கை அவளுடையது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைச் சட்டையின் பிசிரைக்கூட விட்டதில்லை. வீட்டிலிருக்கும் தன் மருமகளைத் திட்டிக்கொண்டே கட்டரை நீட்டி ஒரு வெட்டு வெட்டினாள். மிச்ச நூல் மணலில் தண்ணீர் இறங்குவதுபோல் தோளுக்குள் இறங்கியது. கை மெஷின்மேல் விழுந்தது, பின்னாலேயே சித்ராதேவியும் விழுந்தாள். "ஐயோ கண்ணு, என்ற கை தானாப் போயிருச்சே" என்று பொன்னாத்தாள் அலறினாள்.

இப்போது சித்ராதேவி பாரம்பரிய வைத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருக்கிறாள். படுத்திருப்பதால் காப்பீடு தடையில்லாமல் வருகிறது. ஆரோக்கியராஜ் ஒருமுறை வந்து தோளெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, முனை அகப்படவில்லை என்று திரும்பிப் போனார். நூல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வலது கை நூல்கோன் போலப் பருத்துவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் எதுவும் கேட்காமல் இடது கையில் பட்டையைக் கட்டுகிறாள். ஞாயிறுதோறும் பொன்னாத்தாள் பார்க்க வருகிறாள். வாசலில் காவலாளி கையை நீட்டுவான். கழுத்துக் கயிற்றில் தொங்கும் கட்டரைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவாள்.