மச்சான் கையெழுத்து

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்து டாக்டர் காயத்ரி இழுக்க, கால்மாட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான் தாவீது. படுத்திருந்தவன் கேசவன். மாமல்லபுரம் திருப்பத்தில் பைக் சறுக்கி மண்டையில் பலத்த அடி. மூச்சே இப்போது குழாய் வழியாகத்தான்.

"நீங்க இவருக்கு யாரு?"

"மச்சான் மேடம்."

அது போதும் அவளுக்கு. செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். அதற்குள் ஆராய்ச்சிப் பொறுப்பு முழுக்க அவள் தலையில். ஐசியூ வாசலிலேயே மளமளவென்று விளக்கினாள்.

"எப்படியும் இவரை மருந்து கொடுத்துத் தூங்க வைக்கணும். வழக்கமான மருந்து ஒண்ணு இருக்கு. இன்னொரு பழைய மயக்க மருந்து, அடிபட்ட மூளை மேலும் கெடாம காப்பாத்துதான்னு சோதிச்சிட்டிருக்கோம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். காப்பாத்தும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சொந்தக்காரர் சம்மதம் வேணும், சீக்கிரமா."

"குலுக்கல்ல அவன் பேராவது இருக்கட்டும். பேனா குடுங்க."

"வேற யாரும் இல்லையா?"

"அப்பா அம்மா இல்ல. ஒரே தங்கச்சி, பிரதீபா. டெல்லிலேர்ந்து ஃப்ளைட்ல வந்துகினு கீது. எறங்குற வரைக்கும் போன் எடுக்காது."

பேனா காகிதத்தைத் தொடப்போன நேரம், ஸ்கேன் படத்தோடு டெக்னீஷியன் வந்தார். "டாங்க்ஸ் மச்சான்" என்றான் தாவீது. ஆம்புலன்ஸ் டிரைவர் தலையை நீட்டினார். "நீ கெளம்பு மச்சான், நான் பாத்துக்குறேன்" என்று அவரையும் அனுப்பினான் தாவீது.

காயத்ரிக்குச் சுருக்கென்றது. அவள் நாகர்கோவில்காரி. அவள் வீட்டில் சிநேகிதன் என்றால் மக்கா. மச்சான் என்றால் பெண் கொடுத்து எடுத்த இடம். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இந்த ஊர்ல எல்லாருமே மச்சான்தானா? நீங்க வெறும் கூட்டாளி, அப்படித்தானே?"

"சின்ன வயசுலேர்ந்து மேடம்."

"ரத்த உறவோ கல்யாண உறவோ இல்லாம கையெழுத்து செல்லாது. வழக்கமான மருந்தே போட்டுடறேன். ஆராய்ச்சியில இவர் இல்ல."

திரும்பி நடந்தவளை தாவீது வழிமறித்தான். கேசவனின் மூடிய கண்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"நாம பேசுறது அவனுக்குக் கேக்குமா?"

"ஆழ்ந்த மயக்கம். கேக்காது."

"இருந்தாலும் வம்பு எதுக்கு. இப்டி ஓரமா வாங்க."

தூணுக்குப் பின்னால் போய்ப் போனை நீட்டினான். படத்தில் பதிவாளர் ஆபீஸ் வாசல். மாலையும் கழுத்துமாகத் தாவீது. பக்கத்தில் அதே மாதிரி மாலையோடு, கேசவனின் மூக்கை அப்படியே உரித்து வைத்த ஒரு பெண்.

"எந்திரிச்சு வந்து என் மண்டைய ஒடைக்கட்டும் மேடம், பரவால்ல. போன மாசம்தான். பிரதீபா இப்ப என் வூட்டுக்காரம்மா. அவனுக்குத்தான் இன்னும் தெரியாது."