டாக்டர் இல்லாத கடை

தன் புதுக் கண்ணாடிக்கடை போர்டில் 'டாக்டர்' என்று எழுதும்படி போவாத்தெமா யாரிடமும் சொல்லவில்லை. பெயின்டர் தவியாதான் தன் கைச்சரக்காக, காசு வாங்காமல், கடை ஆப்டீஷியன் நியாமெச்சேயின் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்துவிட்டான். வெள்ளைக் கோட்டு போட்டவரைக் கானா நாட்டுக் குமாசியில் வேறெப்படிக் கூப்பிடுவது? மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவனும் அங்கே டாக்டர்தான். மாட்டும்போதே அவள் பார்த்தாள். நாலு வாடிக்கை கூட வரட்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே வந்து நின்றார் கடைக்கு அனுமதி தரும் அதிகாரி லாம்ப்டி அம்மாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கடையைத் திறக்கலாம். துணி விற்றுச் சேர்த்ததையெல்லாம் போவாத்தெமா அதில்தான் கொட்டியிருந்தாள். பதிவு பெற்ற ஆப்டீஷியன் இல்லாமல் மூக்குக்கண்ணாடி விற்கக் கூடாது என்பது சட்டம். சிலர் யாரோ ஒருவருடைய சான்றிதழை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். இவள் ஆளையே சம்பளத்துக்கு வைத்திருந்தாள். அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

அதிகாரி போர்டை அண்ணாந்து பார்த்தார். "இங்க யாரும்மா டாக்டர்?"

போவாத்தெமா பதில் சொல்ல வாயெடுத்தாள். கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதும் டாக்டர் படிப்பு வேறு. அந்தச் சீட்டுப்படி கண்ணாடி செய்து பொருத்துவதுதான் ஆப்டீஷியன் வேலை. இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொண்டால் அனுமதி கிடைக்காது.

அதற்குள் எதிரே காராமணி கலந்த வாச்சே சோறு விற்கிறவள் முந்திக்கொண்டாள். "டாக்டர் உள்ளதான் இருக்காரு மேடம். தங்கமான கை."

தெருவே ஆமாம் போட்டது. ஆதரவு தருகிறோம் என்று கழுத்தை அறுத்தார்கள் பாவிகள்.

நியாமெச்சே வெளியே வந்தான். "நான் டாக்டர் இல்ல மேடம், ஆப்டீஷியன். அதுக்குத்தான் படிச்சேன், அதுலதான் பாஸ் பண்ணேன். எம் பேருக்கு முன்னால அடுத்தவங்க பட்டம் எதுக்கு?"

போவாத்தெமாவுக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டா இரவல் வார்த்தைக்கு ஆசைப்பட்டோம்? தவியா சாத்தி வைத்திருந்த ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள்.

"பிரஷைக் குடுடா."

"அக்கா, அந்த வார்த்தைய மட்டும் அடிச்சா அசிங்கமா இருக்கும்," என்றான் தவியா.

"அப்ப நீயே ஏறிப் புதுசா எழுது. 'இங்கே டாக்டர் இல்லை. ஆப்டீஷியன் இருக்கிறார்.' பெருசா எழுது, தெருக்கோடிக்குத் தெரியணும்."

லாம்ப்டி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைக்காரங்களே பட்டத்தைக் குறைச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்." நியாமெச்சேயின் சான்றிதழை வாங்கிச் சரிபார்த்தார். ஈரப் பெயின்ட் காயும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கடை இருக்கும் பந்தாமா வட்டாரத்தில் வழி கேட்டால் 'டாக்டர் இல்லாத கடை' என்றுதான் சொல்வார்கள். பழக்கதோஷத்தில் யாராவது "டாக்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே நுழைந்தால் போவாத்தெமா நிமிர்ந்து உட்காருவாள்.

"போர்டு கண்ணுக்குத் தெரியலையா? அப்ப உங்களுக்கு டாக்டர் வேணுந்தான். போய்க் காட்டிட்டு சீட்டோட வாங்க. கண்ணாடிய எங்க ஆப்டீஷியன் போட்டுத் தருவாரு."