பத்தாவது சேவல்

ஆர்வில் ஸ்டானெக் நாற்பது வருஷமாக என்னைச் சாலையில் பார்த்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். எங்கள் மணல்மேட்டுப் பக்கம் அதுதான் வணக்கம். ஒரு விரல் போதும். அதற்கு மேல் தூக்குகிறவனுக்கு நம்மிடம் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். இந்த மார்ச்சிலிருந்து அவன் இரண்டு விரல் தூக்க ஆரம்பித்தான். அன்றைக்கே என் கணவர் வெண்டலிடம் சொன்னேன்.

"இவன் மனசுல என்னமோ இருக்கு."

"மூட்டு வலி வந்திருக்கும் மார்லிஸ். ஒரு விரல் தனியா வரமாட்டேங்குதோ என்னமோ."

வெண்டல் யாரையும் சந்தேகப்பட மாட்டார். வீட்டில் ஒருவராவது சந்தேகப்பட வேண்டுமே என்று அந்த வேலையையும் நானே பார்த்து வருகிறேன்.

காரணம் இல்லாமலும் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் குறுக்கே உயர்மின் கம்பி வருகிறது. ஒன்று, எங்கள் மேட்டின் மேலேறி, பசுக்கள் கன்று ஈனும் மேய்ச்சலைத் தாண்டி, என் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே போகும். இல்லையென்றால் வேலிக்கு அந்தப் பக்கம், ஆர்விலின் வைக்கோல் நிலம் வழியாகப் போகும். மூன்றாவது வழி கிடையாது. இதை முடிவு செய்யப் போவது கோழிகள்.

புல்வெளிக் கோழி என்கிற காட்டுப் பறவையின் சேவல்கள் வசந்தத்தில் பெட்டைகளுக்காக ஆடும் களம் எங்கள் மேட்டில்தான் இருக்கிறது. அரசாங்கத்து ஆள் வந்து இரண்டு நாள் காலையில் எண்ணுவாள். ஏதாவது ஒரு காலையில் பத்துச் சேவல் ஆடினால் எங்கள் பக்கம் கம்பம் நடக்கூடாது. உயரமாக எது நின்றாலும் அந்தக் கோழிகளுக்கு ஆகாது. அதில் பருந்து வந்து உட்காரும் என்று அவற்றுக்குத் தெரியும். இதை மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்துச் சொன்னவளே நான்தான். ஆர்வில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

மார்ச் கடைசியில் பத்தொன்பது சேவல் ஆடின. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே நாளில் பதினாறு ஆனது. மேட்டின் பின்சரிவில் போய்ப் பார்த்தேன். ஈர மணலில் பூட்ஸ் தடம். அதற்கப்புறம் முழங்கால் தடம், முழங்கைத் தடம். யாரோ களத்தை நோக்கி வயிற்றால் ஊர்ந்து வந்திருக்கிறார்கள்.

"கோழியை விரட்டுறான். பத்துக்குக் கீழ கொண்டுவரப் பாக்குறான்," என்றேன்.

"ஆர்வில் அப்படிச் செய்யமாட்டான்," என்றார் வெண்டல்.

"அப்ப முழங்கால் யாரோடது? கோழியோடதா?"

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டும் கேமரா ஒன்று வாங்கினேன். கட்டுவதற்கு மரம் வேண்டுமே. மேட்டில் மரம் ஏது? வேலிக்கால் ஒன்றை நடலாம் என்றால், குளிர்கால ரோமம் உதிரும் நேரத்தில் பசுக்கள் நின்ற கட்டை ஒன்று விடாமல் உரசிச் சாய்த்துவிடும். அதனால் கொட்டகையில் கிடந்த பழைய காற்றாலைக் குழாயை இழுத்துப் போனேன். பன்னிரண்டு அடி. மூன்றடி பூமிக்குள், மீதி மேலே. பசு முட்டினாலும் அசையாது. பின்சரிவின் விளிம்பில் நட்டு, கேமராவைக் கட்டிவிட்டு, என் காலடித் தடத்தைக்கூட விளக்குமாற்றால் கலைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு சாமர்த்தியம்.

கன்று ஈனும் காலத்தில் களத்தருகே போய் உட்கார நேரமில்லை. விடியும்போது சாலையில் வண்டியை நிறுத்தி, தொலைநோக்கியில் எண்ணிவிட்டு ஓடுவேன். அங்கிருந்து பின்சரிவு தெரியாது. பதினாறு, பதினான்கு, பன்னிரண்டு. ஒவ்வொரு சேவல் குறையும்போதும் இன்னொரு வீட்டுக்குப் போன் போட்டு ஆர்விலின் பெயரைச் சொன்னேன். கேமராவைப் பார்த்தால் பசுவின் மூக்கும் நானும்தான் இருந்தோம். கேமரா இருப்பது தெரிந்து அவன் வேறு பக்கமாக வருகிறான் என்று புரிந்துகொண்டேன். ஒரு நாள் கேமராக் கண்ணாடி மேல் வெள்ளையாக வழிந்திருந்தது.

"பறவை எச்சம்," என்றார் வெண்டல்.

"ஆமா. எச்சத்தைக் கொண்டுவந்து பூசியிருக்கான்."

வெண்டல் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கன்றுக்குப் பால் கலக்கப் போனார்.

எண்ணும் சனிக்கிழமை வந்தது. கோழி பார்க்க வருகிறவர்கள் ஒளிந்து உட்கார, களத்திலிருந்து முப்பதடியில் ஒரு பழைய பள்ளிக்கூடப் பேருந்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். இருட்டிலேயே ஏறிவிட வேண்டும். கடைசிக் கோழி பறந்து போகும்வரை யாரும் இறங்கக்கூடாது. என்ன அவசரம் வந்தாலும் சரி, கடைசி இருக்கைக்குப் பின்னால் வாளி இருக்கிறது. அரசாங்கத்திலிருந்து வந்த டெஸ்ஸா என்ற பெண்ணுடன் நான் ஏறினால், உள்ளே ஏற்கெனவே ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

"வா மார்லிஸ். குளிருது, கதவைச் சாத்து," என்றான் ஆர்வில்.

"என் பஸ்ஸுல உனக்கென்ன வேலை?"

"எண்ணிக்கை எனக்கும் சம்பந்தப்பட்டதுதானே. நானும் எண்ணுறேன். ரோசலி கொலாச் பன் குடுத்துவிட்டா, கசகசா வெச்சது. எடுத்துக்கோ."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், கூடவே பலகாரமும் கொண்டுவரும். அவன் மனைவி சுட்டதை நான் தொடவில்லை. டெஸ்ஸா இரண்டு எடுத்துக்கொண்டாள்.

ஜன்னலை இறக்கினோம். கிழக்கே வெளுக்கும் முன்பே சத்தம் வந்தது. காலி பாட்டில் வாயில் ஊதுவது போல, தரையிலிருந்தே எழும் சத்தம். பிறகு உருவங்கள் தெரிந்தன. தலை குனிந்து, வால் விரிந்து, கழுத்திறகு கொம்பாக எழுந்து, கழுத்தின் இரு பக்கமும் ஆரஞ்சுப் பை உப்பி, கால்களைத் தட்டித் தட்டி ஓடின. இரண்டு சேவல்கள் எல்லைத் தகராறில் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டன. நடுவில் ஒரு பெட்டை, கடைக்குப் போகிறவள் போல எதையும் பார்க்காமல் நடந்தாள். வருஷா வருஷம் பார்க்கிறேன். இருந்தும் ஒரு நிமிஷம் எண்ண மறந்துவிட்டேன்.

"எட்டு," என்று டெஸ்ஸா முணுமுணுத்தாள். "ஒன்பது. இடப்பக்கம் இன்னொண்ணு..."

சட்டென்று சத்தம் நின்றது. அத்தனையும் தரையோடு தரையாக அழுந்தின. ஒரு நொடி. பிறகு களமே பறந்து போனது.

பின்சரிவின் விளிம்பில், என் குழாயின் உச்சியில், பருந்து ஒன்று இறக்கையை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டிருந்தது. சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது அதன் தோரணை. குழாய் முழுக்க வெள்ளைக் கோடுகள்.

டெஸ்ஸா குறிப்பேட்டை மடியில் வைத்தாள்.

"அந்தக் கம்பம் யாரோடது?"

ஆர்வில் நட்டது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பாதி மாவட்டம் நம்பியிருக்கும். நம்ப வைக்கும் வேலையை ஒரு மாதமாக நான்தான் செய்துகொண்டிருந்தேன். ஆர்வில் ஜன்னல் வழியே கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"அது உங்க பழைய காத்தாலைக் குழாய் இல்ல? நானும் வெண்டலும் சேந்துதானே கழட்டினோம்."

அவன் அதோடு விட்டதுதான் என்னைப் பேச வைத்தது.

"நான்தான் நட்டேன். உன்னைப் பிடிக்க."

"என்னையா?"

"ஊர்ந்து வந்தது யாரு? முழங்கால் தடம் யாரோடது?"

ஆர்வில் தொப்பியைக் கழற்றினான். அவன் காது சிவந்தது.

"என்னோடதுதான். ஒரே ஒரு நாள் வந்தேன். நீ மக்காச்சோளம் தூவிக் கோழியை இழுக்கிறியோன்னு பாக்க வந்தேன். உன் வண்டியில மூட்டை மூட்டையா சோளம் பாத்தேன்."

"கன்னுக்குட்டிக்கு வாங்கினது! என்னையா சந்தேகப்பட்ட?"

"நீ மட்டும்?"

"நான் காரணத்தோட சந்தேகப்பட்டேன்!"

"ஆமா. கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு என்ன சொன்ன? உயரமா நின்னா கோழிக்கு ஆகாதுன்னு. ஊருக்குத்தான் உபதேசம்."

பத்து நாளாகப் பருந்துக்கு நாற்காலி போட்டு வைத்தவள் நான். ஆர்வில் விரட்டியது மூன்று. மற்றதெல்லாம் என் கணக்கு.

டெஸ்ஸா ஒன்பது என்று எழுதினாள். "நாளைக்கு இன்னொரு காலை இருக்கு," என்றாள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும்.

குழாயைப் பிடுங்க நான் போனபோது ஆர்விலும் பின்னால் வந்தான். கட்டிப்பிடித்து ஆட்டி, உடம்பெல்லாம் எச்சத்தோடு இரண்டு பேரும் அதைச் சாய்த்தோம். குழாய் இல்லாவிட்டால் கோழி வரும். கோழி வந்தால் கம்பம் அவன் நிலத்துக்குப் போகும். அது தெரிந்தும் எதற்கு ஆட்டிக் கொடுக்கிறான் என்று நான் யோசித்தேன். அப்போதும் யோசித்தேன். பழகிய புத்தி போகுமா?

ஞாயிற்றுக்கிழமை அதே பேருந்து, அதே மூன்று பேர். மேடு வெறுமையாக இருந்தது. காற்றுகூட இல்லை. கோழி ஆட அதைவிட நல்ல காலை கிடையாது. ஒன்று வந்தது, மூன்று வந்தது, ஆறு ஆனது. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். எட்டு. ரொம்ப நேரம் கழித்து ஒன்பது. வெயில் களத்தின் மேல் ஏறியது. நான் மூன்று தடவை எண்ணினேன். ஒன்பதுதான்.

"ஒன்பது," என்றாள் டெஸ்ஸா மெதுவாக.

"பத்து," என்றான் ஆர்வில்.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அவன் ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்.

"அந்தப் புல் புதருக்குப் பின்னாடி ஒண்ணு. இப்பத்தான் உள்ள போச்சு."

"எனக்குத் தெரியலையே. ரெண்டு பேர் பாத்ததா உறுதியாச் சொன்னா நான் எழுதலாம்," என்றாள் டெஸ்ஸா. "மார்லிஸ், நீங்க பாத்தீங்களா?"

புதருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்தப் புதரில் ஒரு எலி ஒளியவே இடம் போதாது. இவன் எதற்குப் பொய் சொல்கிறான்? நாளைக்கே பொய்க் கணக்கு என்று எழுதிப்போட்டு என்னை மாட்டிவைக்கவா? அவனை உற்றுப் பார்த்தேன். ஆர்வில் கண்கள் கலங்கியிருந்தன. என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நான் ஊர்ந்து வந்த அன்னிக்கு மூணு பறந்துச்சு மார்லிஸ். திரும்பி வரல. அதுல ஒண்ணையாவது வெச்சுக்கோ."

தலையை ஆட்டினால் போதும். ஜன்னலுக்கு எதிரே வானம் அப்படியே இருக்கும். அவன் வைக்கோல் நிலத்தில் கம்பம் நிற்கும், அதை அவனே கொடுக்கிறான். நாற்பது வருஷமாக ஒரு விரல் தூக்கிய மனுஷன். ஒரு மாதம் முழுக்க நான் அவன் பெயரை எத்தனை வீட்டில் நாறடித்தேன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

"ஒன்பதுதாம்மா," என்றேன் டெஸ்ஸாவிடம். "புதர்ல ஒண்ணும் இல்ல. இவனுக்குக் கண்ணு சரியில்ல."

அவள் எழுதினாள். கோழிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததால் யாரும் இறங்க முடியாது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஆர்வில் கொலாச் டப்பாவை நீட்டினான். இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன்.

ஜூனில் கம்பிக் கம்பெனி ஆள் அளவெடுக்க வந்தான். சின்னப் பையன், நல்ல மரியாதை. மேட்டில் நடந்துகொண்டே வந்தவன் பின்சரிவின் விளிம்பில் நின்றான். கம்பம் வரும் இடத்தைக் குறிக்கிற, ஆரஞ்சுத் துணி கட்டிய குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தான். மணல் பாதி மூடிய குழி.

"இங்க ஏற்கெனவே ஒரு கம்பம் இருந்திருக்கும் போலிருக்கே மேடம். யார் நட்டது?"

"நான்தான்," என்றேன்.

அவன் குச்சியை அந்தக் குழியிலேயே சொருகினான்.