நாலு பத்து வண்டி

அறுவை சிகிச்சைப் படிப்பில் மூன்றாம் வருஷம் என்பது ஆளை உரித்து உப்புத் தடவுகிற வருஷம். அவளுக்கு அது இரண்டு ஊர்களுக்கு நடுவில் கழிந்தது. முதல் ஆறு மாதம் தலைமை மருத்துவமனையில் குப்பை கொட்டினாள். அடுத்த ஆறு மாதத்துக்கு, பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளியிருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே லிப்ட் ஏறும், இறங்குவதற்குத்தான் யோசிக்கும். எக்ஸ்ரே எடுப்பவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் மறுநாள் வருவார். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் இருந்தது, நோயாளிகள் இருந்தார்கள், படிக்கிற பெண்ணின் கையில் கத்தியைக் கொடுக்கத் தயங்காத பெரிய டாக்டரும் இருந்தார். வருஷ முடிவுக்குள் அவளே செய்த ஆபரேஷன் என்று நூற்றிருபது, பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதே வருஷத்தை மறுபடி முதலிலிருந்து உருட்ட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை வந்தால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. சனிக்கிழமை காலையில் மேட்ச். தலைமை மருத்துவமனைப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். நர்சுகள், லேப்காரிகள், மருந்துக் கவுண்டர் பெண் என்று கதம்பமாகச் சேர்ந்த அணி. பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி கேப்டன். கோலில் நிற்கிற இவளுக்கு அங்கே 'கதவு' என்று பெயர். அவள் பந்தை அமுக்கிப் பிடித்ததும் "கதவு சாத்தியாச்சு, நாளைக்கு வாங்க" என்று எதிரணியைப் பார்த்துக் கத்துவார்கள். கத்தி பிடிக்கிற கையால் பந்து பிடிக்கிற பைத்தியம் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று அண்ணன் போனில் சொல்வான். அம்மா அந்தப் பேச்சையே காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மகள் இன்னும் ஒரு வருஷத்தில் முழு சர்ஜன் ஆகிவிடுவாள் என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

தலைமை மருத்துவமனை இருந்த ஊருக்கு வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு ஒரு வண்டி. அதை விட்டால் மறுநாள்தான். வார்டு வேலை நாலு மணிக்கு முடிந்தால் அதிர்ஷ்டம். முதல் வெள்ளி, பூட்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தலைதெறிக்க ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் வண்டியை நிறுத்தினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், முகத்தில் பாதியை மீசை எடுத்துக்கொண்டிருந்தது. இன்னார் என்று தெரிந்துகொண்ட பிறகு, வாரா வாரம் இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ அவளுக்காக நிற்பது பழக்கமாகிவிட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முறைப்பார். டிரைவர் கண்டுகொள்ள மாட்டார். "வா பாப்பா, போன வாரம் எத்தனை கோல் விட்டே?" என்பார். ஒன்றும் விடவில்லை என்று அவள் சொன்னால், தானே தடுத்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு தடவை, வண்டி கிளம்புமுன் அவர் ஒரு தடிமனான நோட்டில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் ஸ்டீயரிங்கைத் தொடுமுன் போட வேண்டுமாம். 'நன்றாகத் தூங்கினேன், காய்ச்சல் இல்லை, மருந்து எதுவும் சாப்பிடவில்லை, இன்று ஓட்டத் தகுதியாக இருக்கிறேன்' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்து. உங்களுக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப யாரு கேப்பாங்க?"

"நாங்களே பார்த்துக்குவோம் அண்ணே."

இரண்டாவது மாதக் கடைசியில் அரையிறுதி மேட்ச். அந்த வெள்ளியன்று வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறி, அவள் கிளம்பும்போதே நாலு பத்து. பஸ் போயிருக்கும் என்று தெரிந்தும் ஓடினாள். வண்டி அவளுக்காக நின்றுகொண்டிருந்தது. ஏழு நிமிஷம். உள்ளே ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புகாரே எழுதிக் கொடுத்தார். அதற்கு டிரைவருக்கு மெமோ வந்தது என்று பின்னால் கண்டக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கடைசி நிமிஷத்துப் பெனால்டியை அவள் தடுத்தாள். பந்து இடது ஆள்காட்டி விரலின் நுனியில் வந்து இடித்தது. எல்லோரும் அவளைத் தூக்கிக் குதித்து முடித்த பிறகுதான் கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். விரலின் கடைசிக் கணு கீழே தொங்கியது. நிமிர்த்தப் பார்த்தாள், நிமிரவில்லை.

கேப்டன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். நரம்பு இல்லை, நுனியை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்திருக்கிறது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டினாள். "எட்டு வாரம். ராத்திரி பகல் கழட்டக் கூடாது. ஒரு தடவை மடக்கினாலும் மறுபடி ஒண்ணுல இருந்து."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். எழுபத்தெட்டு ஆகியிருந்தது. எட்டு வாரம் கத்தியைத் தொடாவிட்டால் இந்த வருஷம் அம்போ. பட்டையோடு கை கழுவ முடியாது, கையுறை போட முடியாது. தியேட்டருக்கு முன் கழற்றிவிட்டு, முடித்ததும் மாட்டிக்கொள்கிறேன் என்றாள். கேப்டன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் கேப்டன், "பந்தைப் பிடிக்க உன்னை விடமாட்டேன். அது என் கையில இருக்கு. கத்தியைப் பிடிக்கிறது உன் பாடு" என்றாள். இறுதி மேட்சில் லேப்காரி ஒருத்தி கோலில் நின்றாள். நாலு கோல் போயிற்று. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திங்கட்கிழமை இரண்டு ஹெர்னியா செய்தாள்.

கையுறைக்குள் போனால் எல்லா விரலும் ஒன்றுதான். வார்டில் இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஐந்து வாரம் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பட்டைக்குள் வெளுத்துச் சுருங்கிய தோலைத் தினமும் மூன்று தடவை, நான்கு தடவை வெளியே எடுத்தாள். முடிச்சை உள்ளே தள்ளி இறுக்குவது அந்த விரலின் வேலை. நுனி சொன்னபடி கேட்காததால் நடுக்கணுவால் தள்ளப் பழகிக்கொண்டாள். பஸ்ஸில் டிரைவர் மட்டும் பட்டையைப் பார்த்து என்ன பாப்பா என்று கேட்டார்.

"சும்மா சுளுக்கு அண்ணே."

ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை, அந்த மீசையே வார்டுக்கு வந்தது. அடிவயிற்றின் வலது பக்கம் கைவைக்க விடவில்லை. குடல்வால் வீங்கி வெடிக்கிற பதத்தில் இருந்தது. கூட வந்த மனைவி பயத்தில் உறைந்திருந்தாள். அவரோ வலியிலும் சிரித்தார். இவளைக் காட்டி, "நம்ம பாப்பாதான் பண்ணணும். ஒண்ணும் உள்ளே விடாது" என்று மனைவியிடம் சொன்னார். பெரிய டாக்டர் புறநோயாளிகள் கூட்டத்தில் மாட்டியிருந்தார். நீ செய்துவிடுவாயா என்று அங்கிருந்தே போனில் கேட்டார். அவள் கட்டைவிரலால் பட்டையைத் தடவினாள். வார்த்தை மட்டும் சரளமாக வந்தது.

"செஞ்சுடுவேன் சார்."

தியேட்டரில் நர்ஸ் பட்டியலை வாசித்தாள். நோயாளி பெயர், சரி. என்ன ஆபரேஷன், சரி. மருந்து ஒவ்வாமை, இல்லை. ரத்தம், தயார். பட்டியல் அதோடு முடிந்தது.

குடல்வாலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் மெல்லியது. அதைக் கட்டும்போது இரண்டாவது முடிச்சில் விரல் வழுக்கியது. இறுக்கம் போதவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. துணியால் ஒற்றிப் பார்த்தாள், ஈரம் இல்லை. இன்னொரு முடிச்சுப் போட்டிருக்கலாம். அந்த விரலை மறுபடி அங்கே நுழைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. போதும் என்று நூலை வெட்டச் சொன்னாள். அந்தப் பயத்தை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு டிரைவரின் முகம் வெளுத்தது. நாடி ஓடியது, ரத்த அழுத்தம் இறங்கியது. பெரிய டாக்டர் ஓடிவந்து வயிற்றைத் திறந்தார். உள்ளே ரத்தம் குளம் கட்டியிருந்தது. நூல் தளர்ந்து ஓரமாகக் கிடந்தது. அவர் ரத்தக் குழாயை மறுபடி கட்டினார். அவள் மெஷின் குழாயை வைத்துத் தேங்கிய ரத்தத்தை உறிஞ்சினாள். நாலு பாட்டில் ரத்தம் ஏறியது. ஆள் பிழைத்தார்.

வெளியே வந்ததும் டிரைவரின் மனைவி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த விரலும் அதில் இருந்தது. "இந்தக் கைதாம்மா காப்பாத்துச்சு" என்று அழுதாள். இவளுக்குக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை.

இப்படி ஏதாவது கோளாறு நேர்ந்தால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். கடைசிக் கட்டம், காரணம். பெரிய டாக்டர் அவள் தோளைத் தட்டி, "முடிச்சு நழுவிடுச்சுன்னு எழுது. எனக்கும் நழுவியிருக்கு. நழுவாத சர்ஜன் யாரு?" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் அவளைக் கொன்றது. மூன்று நாள் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினாள். விரலைப் பற்றி எழுதினால் வருஷம் போகும், அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாது. எழுதாவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே போய்விடும் என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை, காரணம் என்ற கட்டம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு, பட்டையைக் கழற்றி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பெரிய டாக்டர் தொங்கிய விரலைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். சொன்னாள். எட்டு வாரம் தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது, வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஏச்சும் விழுந்தது. அவளுக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மீதிப் பாதி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மனைவி குழாயடிக்குப் போன நேரம் பார்த்துப் போய் நின்றாள். மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பட்டை கட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுளுக்குன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன் அண்ணே."

"எந்த மேட்ச்ல அடிபட்டது?"

"அரையிறுதியில."

"நான் ஏழு நிமிஷம் நிறுத்தினது அதுக்குத்தானே?"

அவள் தலையாட்டினாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தாள், அழுதாள்.

"எனக்குக் காய்ச்சல்னா அந்த நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேன். சம்பளம் போனாலும் வீட்டுக்குப் போயிடுவேன். பின்னாடி நாப்பது பேரு உக்காந்திருக்காங்க." தம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க போங்க டாக்டர். இனிமே நாலு பத்துன்னா நாலு பத்துதான்."

வருஷம் போனதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. 'பாப்பா' 'டாக்டர்' ஆனதும், 'நீ' 'நீங்க' ஆனதும்தான் நெஞ்சில் தைத்தது.

எட்டு வாரம் பட்டையைக் கழற்றவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கும் போகவில்லை. வார்டில் கட்டு மாற்றினாள், சீட்டு எழுதினாள். அம்மாவிடம் சொன்னபோது அம்மா போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, விரல் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஆறு மாதம் முடிந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட நாளும் ஒரு வெள்ளிதான். மூன்றே முக்காலுக்கே பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் வேலைக்குத் திரும்பியிருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர் அவளைப் பார்த்து, "வாங்க டாக்டர்" என்றார். அவ்வளவுதான். முன் சீட்டு காலியாக இருந்தும் அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

நாலு பத்துக்குக் கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகரவில்லை. மறுபடி அடித்தார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"மெதுவா ஏறும்மா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் அவர்.

இவள் தன் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். விரல் நேராகிவிட்டிருந்தது. வண்டி கிளம்பியபோது மணி நாலு பதிமூன்று.