ஒரு வரித் திருத்தம்

தம்பி மாற்றியது ஒரே ஒரு வரி. சேமித்ததும், அவன் நிரல் எழுதும் எடிட்டர் செயலி, அந்த இலவச மென்பொருள் திட்டத்தில் இருந்த அத்தனை கோப்புகளுக்கும் தலைவாரி வகிடெடுத்து, வரிக்கு வரி இடைவெளியை மாற்றிவிட்டது. அவன் அதைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டான். ஏற்றுக்கொண்டிருந்தால், யார் யாரோ பல வருஷமாகச் சம்பளமில்லாமல் எழுதிய நிரல் முழுவதும் அவன் மாற்றியதாக அவன் பெயரில் பதிவாகியிருக்கும்.

"ஒரு ஆணி அடிக்கச் சொன்னா, தெரு முழுக்க வெள்ளையடிச்சுட்டு வந்திருக்கீங்க" என்று பதில் போட்டார் பூனையார். திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்; முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருந்ததால் அந்தப் பட்டம். கீழே ஒரு வரி: "பங்களிப்பு விதிமுறைகளைப் படிக்கவும்."

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மென்பொருள் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். பார்வையில்லாத அக்கா அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் வேலை பார்க்கிறாள். அங்கே புதிய திரை வந்ததிலிருந்து எல்லாப் பொத்தானையும் அது வெறுமனே "பொத்தான், பொத்தான்" என்றே படித்தது. சரியான பிரிவை அக்கா தேடிப் பிடிப்பதற்குள் பேசுகிறவர் வைத்துவிடுவார். ஒவ்வொரு பொத்தானின் விவரத்தையும் படிக்கவைப்பதுதான் தம்பி மாற்றிய அந்த ஒரு வரி. திங்கட்கிழமை மேலாளர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார். சரிப்படாவிட்டால் அக்காவுக்கு "வேற ஏதாவது" கொடுப்பார்களாம். அந்த வேற ஏதாவது என்னவென்று கொடுப்பவர்களுக்கே தெரியாது.

விதிமுறைகளை அவன் ஏற்கெனவே, பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற அக்கறையோடு, படித்ததாக ஒப்புக்கொண்டிருந்தான். இப்போது உட்கார்ந்து படித்தான். தேவையானதை மட்டும் தொடு என்றது முதல் விதி. வெள்ளையடித்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி அனுப்பினான்.

"இப்ப சுத்தமா இருக்கு. ரெண்டாவது விதி?" என்றார் பூனையார்.

யாருக்கு என்ன தொல்லை, அவர் வார்த்தையிலேயே எழுதவும் என்பது இரண்டாவது விதி. தம்பி அந்த இடத்தில், "பயனர்கள் முழுமையான தகவலை விரும்புகின்றனர்" என்று எழுதியிருந்தான்.

"எந்தப் பயனர் இப்படிப் பேசுவார்?"

நியாயமான கேள்விதான். திருத்திய மென்பொருளை அக்காவின் கணினியில் போட்டுக் கொடுத்தவன், அவளிடம் கேட்டதெல்லாம் "சூப்பரா இருக்குல்ல?" என்பது மட்டுந்தான். எழுந்து சமையலறைக்குப் போனான். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் போட்டுக் கொடுத்தது எப்படியிருக்கு?"

"நல்லாருக்குடா."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாத்தான். தண்ணி குடிக்கிறியா?"

கூடத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். "உங்க அக்கா நல்லாருக்குன்னு சொன்னா என்ன அர்த்தம்னு நானும் கல்யாணமான நாளா தேடிட்டிருக்கேன், மச்சான். கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு."

தம்பி ஜன்னல் வரை போனான், திரும்பினான், ஃப்ரிட்ஜைத் திறந்தான், எதையும் எடுக்காமல் மூடினான்.

"நடக்காதடா, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அக்கா.

"பூனையாருக்கு உன் வார்த்தைதான் வேணுமாம். 'நல்லாருக்கு'ன்னு நீ பொய் சொன்னா அதையும் அப்படியே அனுப்பிடுவேன். பூனையாரும் இதை இப்படியே ஏத்துக்குவார். திங்கட்கிழமை அந்த மேலாளர்கிட்டயும் நல்லாருக்குன்னு சொல்லிக்க."

கத்தி நின்றது.

"ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பண்ணினியே. மனசு கஷ்டப்படமாட்டியே?"

"படுவேன். நீ சொல்லு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடி அது ஊமை. நீ கை வெச்சப்புறம் வாயாடி. ஒரு காதுல யாரோ அழுதுகிட்டே அவசரப் பிரிவு கேக்குறாங்க. இன்னொரு காதுல இது பிரிவு, மாடி, எண், பொறுப்பாளர் பேருன்னு கச்சேரி வைக்குது. அது முடிக்கிறதுக்குள்ள அவங்க வெச்சுடுறாங்க. எனக்குப் பிரிவோட பேரு மட்டும் போதும். மத்ததை நான் கேட்டா சொல்லட்டும். கேக்காதப்ப சும்மா இருக்கணும்."

தம்பி போய், 'பயனர்கள்' என்று தொடங்கிய வரியை அழித்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே தட்டினான்.