பச்சைத் தெரு

எங்கள் தெருவுக்கு வெள்ளமே வராது. நான் சொல்லவில்லை, நகராட்சியின் செயற்கை நுண்ணறிவு சொல்கிறது. போனில் அதன் வரைபடத்தைத் திறந்தால் சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்க, நடுவில் எங்கள் தெரு மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும்.

அந்தப் பச்சைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. நகராட்சி தெருமுனைச் சாக்கடை ஓரம் ஒரு கம்பம் நட்டு, நீர்மட்டம் பார்க்கும் சென்சார் ஒன்றை மாட்டியது. தண்ணீர் ஏறினால் அது தகவல் அனுப்பும். உடனே தெருவில் எல்லோர் போனுக்கும், 'உங்கள் வாசலில் தண்ணீர் நிற்கிறதா? ஆம், இல்லை' என்று ஒரு கேள்வி வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாடம் கற்றுக்கொண்டு, அடுத்த முறை இயந்திரம் முன்கூட்டியே எச்சரிக்குமாம். இதை யோசித்தவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரரை அவர் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். தெருச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கீழ்த்தளத்தை அவரிடம் வாடகைக்கு எடுத்து நானும் என் தங்கையும் தையற்கூடம் நடத்துகிறோம். வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர், முதல் மழைக்கே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு போட்டார்: "எல்லாரும் இல்லைன்னு போடுங்க. தெரு சிவப்பாயிட்டா இங்க எவன் வீடு வாங்குவான்?" கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, தெருவே ஒருமனதாக 'இல்லை' போட்டது. நான் மட்டும் 'ஆம்' போட்டேன்.

ஒவ்வொரு மழைக்கும் இதே கதை. இயந்திரமோ ஊரோடு ஒத்து வாழத் தெரிந்த பிள்ளை. இத்தனை பெரிய மனிதர்கள் பொய் சொல்வார்களா என்று நினைத்து, சென்சார்தான் பழுது என்று முடிவு கட்டியது. எனக்கும் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் தகவல்கள் அண்டை வீட்டாருடன் ஒத்துப்போகவில்லை. இனி அவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படமாட்டா. நன்றி.' தெருவில் உண்மை சொன்னது நானும் அந்தக் கம்பமும்தான். எங்கள் இருவரையும் பொய்யர்கள் என்று ஒதுக்கியாயிற்று.

அந்த வாரம் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸ் சீருடை தைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர், முழுக்க வெள்ளைத் துணி. திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் வருடம் முழுக்க வேலை. கொடுக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து விடாத மழை. மதியம் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்கியதும் மாடிக்கு ஓடினேன்.

"சார், மேல இருக்கற காலி ரூமைக் கொஞ்சம் திறந்து விடுங்க. துணியை மட்டும் ஏத்திக்கிறோம்."

"எதுக்கும்மா?" என்று போனை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "பாரு, பச்சை. ஏஐயே சொல்லுது. அதைவிட உனக்குத் தெரியுமா?"

"அந்தப் பச்சையே நீங்க போட வெச்சதுதானே சார்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நாளைக்குக் காலைல வீடு பார்க்க வர்றாங்க. மாடி பூரா மூட்டையா கிடந்தா என்ன நினைப்பாங்க?"

தான் சொல்லிக்கொடுத்த பொய்யையே சாட்சிக்குக் கூப்பிட எல்லோராலும் முடியாது. அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

கீழே வந்தபோது தண்ணீர் வாசற்படியைத் தாண்டியிருந்தது. துணி வெட்டும் மேசை மேல் எல்லாவற்றையும் அடுக்கினோம். தண்ணீர் தொடைக்கு ஏறியதும் மேசை மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்த அத்தனை வெள்ளையும் சாக்கடைத் தண்ணீருக்குள் இறங்கியது. தங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிந்தாள். "விடுடி, தலைக்கு மேல போயிட்டா சாண் என்ன, முழம் என்ன" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து நான்தான் அழுதேன்.

தண்ணீரை இறைக்கும் மோட்டார் வண்டி சிவப்புத் தெருக்களுக்குத்தான் போகும். கம்பத்தைப் பழுது என்று ஒதுக்கிவிட்டதால், எங்களுக்கு 'ஆம், இல்லை' கேள்விகூட வரவில்லை.

அழுது முடித்து, துணி கொடுத்த மருத்துவமனை அதிகாரிக்குப் போன் போட்டேன். வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது, இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"வெள்ளமா? இருங்க, பார்க்கிறேன்." அவரும் அந்த வரைபடத்தைத் திறந்தார் போலிருக்கிறது. "உங்க தெரு பச்சையா இருக்கேம்மா. லேட்டாயிடுச்சுன்னா லேட்டாயிடுச்சுன்னு சொல்லுங்க. எதுக்குப் பொய்?"

வாசலில் நிறுத்தியிருந்த தன் காரைப் பார்க்க வீட்டுக்காரர் அப்போதுதான் தண்ணீருக்குள் இறங்கி வந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினேன். "எங்க சங்கச் செயலாளர் இங்கதான் நிக்கிறார். நீங்களே கேளுங்க சார்."

"சொல்லுங்க சார், அங்க வெள்ளமா?" என்றார் அதிகாரி.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். மிதந்து வந்த சீருடை ஒன்று அவர் காலைச் சுற்றிக்கொண்டது. அதை மெல்ல விலக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெள்ளம்னெல்லாம் சொல்ல முடியாதுங்க," என்றார். "லேசா ஈரமா இருக்கு."

அதிகாரி அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.