பத்துக்குப் பதினொன்று

ஜஹானா பிரதேச சபைக்குத் தெரிவான ஐந்தாவது மாதம் அந்த வயல் விவகாரம் நிகழ்ச்சிநிரலில் வந்தது. அலவத்துகொடைக்குக் கீழே, ஓயா என்று ஊரார் சொல்லும் சிற்றாற்றை ஒட்டிய ஆறு ஏக்கர் வயல். பல வருடமாக யாரும் விதைக்காமல் புல் மண்டிக் கிடந்தது. கொழும்புக் கம்பனி ஒன்று அதை வாங்கியிருந்தது. மண் போட்டு நிரப்பி, களஞ்சியமும் லொறி நிறுத்துமிடமும் கட்டப் போகிறார்கள். அதற்குச் சபையின் அனுமதி வேண்டும்.

மழைக்காலத்தில் ஓயா பெருகினால் தண்ணீர் முதலில் அந்த வயலில்தான் பரவும். வயல் நிரம்பிய பிறகுதான் ஊருக்குள் வரும். ஜஹானா பதினைந்து வருடமாக நடத்தும் பாலர் பாடசாலை வயலுக்கு அடுத்தாற்போல இருந்தது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒன்பது பிள்ளைகளை மேசை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்றவள் அவள். தேர்தலில் நிற்கச் சம்மதித்ததும் அதனால்தான்.

கேட்டு வந்தவர் நபீல் ஹாஜியார். கிராம்பு, சாதிக்காய் வியாபாரி, கட்சியின் அமைப்பாளர். "டீச்சர்ட முகத்துக்கு வோட்டு விழும். சல்லி விஷயம் எங்கட பாடு," என்றார். சொன்னபடியே ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்தது. சந்திக்குச் சந்தி அவளுடைய படம் தொங்கியது. கூட்டத்துக்குக் கூட்டம் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. இதெல்லாம் யார் தருகிறார்கள் என்று ஒருமுறை கேட்டாள். "நல்லது செய்யிற ஆக்கள் ஈக்கிறாங்க தங்கச்சி," என்றார் அவர். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வாக்கு வித்தியாசத்தில் வென்றாள்.

வாக்கெடுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து தேநீரை முழுக்கக் குடித்து முடித்தபின்தான் பேச்சை எடுத்தார்.

"புதன்கிழமை வயல் விஷயம் வருது. கையத் தூக்கினாச் சரி."

"அந்த வயல நிரப்பினா எங்கட ஸ்கூல் தண்ணிக்குள்ள போகும், ஹாஜியார். கடைத்தெருவும் போகும்."

"கம்பனி தண்ணி ஓடப் பெரிய காண் ஒன்னு வெட்டித் தாரோம் எண்டு சொல்லீக்கி."

"எழுத்துல ஈக்கா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, அந்த வேன் யாருட எண்டு நெனச்சீங்க? அந்தச் சாப்பாடு? படம் அடிச்சது? எங்கட பக்கம் பதினொரு பேர், அவங்கட பக்கம் பத்துப் பேர். ஒரு கை கொறஞ்சாலும் போச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜஹானாவை உலுக்கியது. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினாள். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலையேற்ற மறந்தாள். அலுமாரியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். தான் பேசிய கூட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஓயாவைப் பற்றிப் பேசியிருந்தாள். அந்தப் பேச்சை ஊரெல்லாம் கேட்க வைத்த ஒலிபெருக்கிக்குக் காசு கொடுத்தது அந்தக் கம்பனி.

பகல் சாப்பாட்டின்போது கணவன் றிஸ்வியிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். பிறகு பிசைவதை நிறுத்தினான்.

"பஹீமுக்கு வேல குடுத்ததும் அந்தக் கம்பனிதான்," என்றான். பஹீம் அவனுடைய தம்பி. மூன்று மாதத்துக்கு முன்புதான் கட்டுகஸ்தோட்டை அலுவலகத்தில் சேர்ந்திருந்தான். "ஹாஜியார்தான் எடுத்துக் குடுத்தார். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் எனக்கிட்ட சொல்லல்ல."

"சொன்னா நீ வேணாம் எண்டு சொல்லுவாய். அவன் ரெண்டு வருஷமா சும்மா இருந்தவன்." சிறிது நேரம் கழித்து, "நான் தூக்கு எண்டும் சொல்லல்ல, தூக்காத எண்டும் சொல்லல்ல," என்று எழுந்து கை கழுவப் போனான்.

ஞாயிறு போனது. திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் அவள் கண்டிக்கு பஸ் ஏறினாள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஸ்ரீதரனுக்கு குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடை இருந்தது. வயலை நிரப்பக்கூடாது என்று சபையில் மிகவும் சத்தமாகப் பேசியவர் அவர்தான். அவருடைய கட்சியோடு சேர்ந்து எதிராக வாக்களிக்கப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், பிறகு தன்னால் பின்வாங்க முடியாது என்று அவள் நினைத்தாள்.

ஸ்ரீதரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே சொன்னாள். "நான் புதன்கிழம எதிரா கை தூக்கப் போறேன். உங்கட பத்தோட பதினொன்னு. அனுமதி கெடைக்காது."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார்.

"டீச்சர், நான் அன்னிக்கி வரப்போறதில்ல."

"ஏன்?"

"காய்ச்சல்னு கடிதம் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க கட்சி ஆபீஸுக்கு வாடகை யாரு கட்டுறான்னு போன மாசந்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. எலக்சன் நேரம் எங்களுக்கும் வேன் வந்திச்சு. நோட்டீஸ் வந்திச்சு. யாரு ஜெயிச்சாலும் அவங்களுக்கு ஒன்னுதான் டீச்சர். ரெண்டு குதிரையிலயும் பணம் கட்டியிருக்காங்க."

"அப்ப சபையில அவ்வளவு பேசினீங்களே?"

"பேசுறதுக்கு யாரும் தடை சொல்லல. பேசுங்க, நல்லா பேசுங்கன்னுதான் சொன்னாங்க. உங்க பக்கம் ஒரு கை கொறைஞ்சிருமோன்னு, ஓட்டுப் போடுற அன்னிக்கி மட்டும் வர வேணாம்னாங்க." அவர் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "நான் வரலேன்னா பத்துக்குப் பத்து. தவிசாளர் உங்க கட்சி. சமமா வந்தா தலைவருக்கு ரெண்டாவது ஓட்டு இருக்கு, அதுல முடிஞ்சிரும். நீங்க வீணா கெட்ட பேரு எடுத்துக்காதீங்க."

அவள் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இடம் மாறி மாறி உட்கார்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஸ்ரீதரன் மேல் கோபம் வந்தது. உடனே தன் மேல் வந்தது. அவராவது யார் வாடகை கட்டுகிறார் என்று கண்டுபிடித்திருக்கிறார். அவள் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவள். அக்குரணையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். இடத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சபை கூடியது. ஸ்ரீதரனின் கதிரை வெறுமையாக இருந்தது. நபீல் ஹாஜியார் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தவிசாளர் கம்பனியின் விண்ணப்பத்தைச் சிங்களத்தில் வாசித்தார். வேலைவாய்ப்பு என்றார், அபிவிருத்தி என்றார். ஆதரிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது ஜஹானா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். எழுதுவினைஞர் இரண்டு தடவை எண்ணினார். பத்து.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பவர்களைக் கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். எதிர்ப்பக்கத்தில் ஒன்பது கைகள் எழுந்திருந்தன.

அப்போதுதான் ஸ்ரீதரன் உள்ளே வந்தார். படிகளில் ஓடி வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதிரைக்குப் போகாமல், வாசலருகே நின்றபடியே கையைத் தூக்கினார். உட்காராதவரின் வாக்கு செல்லுமா என்று யாரோ கேட்டார்கள். அவர் போய் உட்கார்ந்து மறுபடி தூக்கினார். பத்துக்குப் பதினொன்று.

வெளியே வந்தபோது ஸ்ரீதரன் வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "தைரியத்துல வந்தேன்னு நெனச்சிடாதீங்க, டீச்சர்," என்றார். "கடையில இருக்க முடியல. பஸ்ஸுல ஏறினதும் எறங்கிடலாம்னுதான் தோணிச்சு."

ஹாஜியார் அவளைக் கடந்து படியிறங்கிப் போனார். அந்த வாரமே பஹீமை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். கட்சியிலிருந்து ஜஹானாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. றிஸ்வி அதை வாசித்துவிட்டு மேசை மேல் வைத்தான். நான்காம் நாள், பாடசாலையின் உடைந்த கதவைச் சரிசெய்ய ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் கிளம்பிப் போனான்.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய திட்டம் என்று அதே வயல் மறுபடி வந்தது. இந்த முறை ஸ்ரீதரனின் கட்சியில் நான்கு பேருக்குச் சுகமில்லை. அவரும் ஜஹானாவும் கை தூக்கினார்கள். பத்துக்கு ஏழு. அனுமதி நிறைவேறியது. அடுத்த திங்கட்கிழமையே முதல் லொறி மண் கொண்டுவந்து கொட்டியது.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, அவள் வட்டாரத்து ஆட்களைப் பாலர் பாடசாலைக்கு அழைத்தாள். ஒலிபெருக்கி இல்லை. அறுபது எழுபது பேர் வந்தார்கள். லொறிகளின் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேன், படங்கள், பார்சல்கள், யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது.

"அந்தச் சாப்பாட்ட நீங்களும் சாப்பிட்டீங்க, நானும் சாப்பிட்டேன். யாருட எண்டு கேட்டுப் பார்க்காதது என்ட பிழை," என்றாள்.

பின்னால் நின்ற இருவர் வெளியே போனார்கள். பிள்ளையை அந்தப் பாடசாலைக்கு அனுப்பும் ஸஹ்ரா எழுந்தாள்.

"கம்பனி சல்லி இல்லாட்டி ஒங்கள எங்களுக்குத் தெரிஞ்சே ஈக்காதே, டீச்சர். அடுத்த முறை நல்ல ஆள் ஒருத்தர் வந்தாலும் எப்படி ஜெயிக்கிறது?"

ஜஹானா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். "தெரியா," என்றாள். "இப்ப இந்த மண்ண நிப்பாட்ட ஏலுமா எண்டு பார்ப்போம். திங்கக்கிழம கண்டியில வயல் காணி பார்க்கிற ஒபீஸுக்கு ஆட்சேபம் குடுக்கப் போறேன். கையெழுத்து வேணும்."

முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். மற்றவர்களுக்குக் கடை இருந்தது, மகன் இருந்தான், ஹாஜியாரிடம் கடன் இருந்தது. அவள் யாரையும் வற்புறுத்தவில்லை. ஸஹ்ராவின் பெயர் பதினெட்டாவதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கண்டி பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. றிஸ்வி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் காட்டினான். அவளுக்கு உட்கார முடியவில்லை. கையெழுத்துத் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டி வரைக்கும் நின்றே போனாள்.